தட்டில் பிழைத்தது எதற்குச் சாட்சி?

நுண்ணுயிரியலோ உயிரித் தொழில்நுட்பமோ முதுகலை படிக்கிற பிள்ளைகளின் ஆய்வேடுகளைப் புரட்டினால் ஒரு தலைப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: தொழிற்பேட்டை மண்ணிலிருந்து கனஉலோகம் தாங்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தல். பேட்டையின் பெயர் மாறும், உலோகம் மாறும், முடிவு மட்டும் மாறுவதில்லை. எங்கள் பாக்டீரியா இத்தனை பிபிஎம் தாங்கியது, அதனால் மாசு நீக்கத்துக்குப் பயன்படும் என்று கடைசிப் பக்கம் சொல்லும். முதல் பாதியிலிருந்து இரண்டாம் பாதிக்கு அவ்வளவு சுலபமாகத் தாவிவிட முடியுமா என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

இப்படிப்பட்ட சோதனைக்கு மண் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேடு போதும். 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அதற்கு முன்பே சைக்கிள், டயர் ஆலைகள் அந்த வட்டாரத்தில் காலூன்றியிருந்தன. பாடியில் மோட்டார் பாகங்கள் செய்யும் ஆலைகள் வரிசை கட்டின. பெரிய ஆலை ஒன்று வந்தால் அதற்கு உதிரிபாகம் செய்து கொடுக்கச் சிறு பட்டறைகள் பின்தொடரும். லேத், வெல்டிங், பெயிண்ட், பிளேட்டிங் என்று தெருவுக்குத் தெரு முளைக்கும். மேனாம்பேடு, கருக்கு, கொரட்டூர் போன்ற பழைய ஏரிக்கரைக் கிராமங்கள் இந்த வளர்ச்சிக்கு நடுவே குடியிருப்புகளாக மாறின. 2011இல் அம்பத்தூர் நகராட்சியே சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது. கழிவுநீர் வந்து சேர்ந்த கொரட்டூர் ஏரிக்காக ஊர் மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறியதும் இந்த வட்டாரத்துக் கதைதான்.

பிளேட்டிங் பட்டறையின் தொட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் உலோகம் மண்ணுக்கு எப்படி வருகிறது என்பது விளங்கும். வழக்கமான குரோம் தொட்டியில் லிட்டருக்கு ஏறக்குறைய 250 கிராம் குரோமியம் டிரையாக்சைடும் அதில் நூறில் ஒரு பங்கு கந்தக அமிலமும் கலந்திருக்கும். கணக்குப் போட்டால் ஒரு லிட்டரில் 130 கிராம் குரோமியம், அதுவும் நச்சு மிகுந்த ஆறிணைதிற வடிவில். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த ஒரு லிட்டர் தொட்டிக் கரைசலைக் குடிநீர் வரம்புக்குள் கொண்டுவர 26 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். பொருளைத் தொட்டியிலிருந்து எடுத்து அலசும்போது சொட்டுகிற தண்ணீர்தான் பெரும்பாலும் வடிகாலுக்குப் போவது. நிக்கல், துத்தநாகம், செம்பு ஆகியவற்றுக்கும் இதே வழி. ஈயத்துக்கு வழிகள் அதிகம்: பழைய பேட்டரி, பற்றவைப்பு, பெயிண்ட், பிறகு பெட்ரோல். ஈயம் கலந்த பெட்ரோலை 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நாடு முழுக்க நிறுத்தினோம். சாலையோர மண்ணில் அதற்கு முன் படிந்த ஈயம் எங்கும் போய்விடாது. உலோகம் மட்கி அழியும் பொருளல்ல. இடம் மாறும், வடிவம் மாறும், அவ்வளவுதான்.

இனி சோதனைக்கு வருவோம். ஒரு கிராம் மண்ணை 9 மில்லி கிருமி நீக்கிய உப்புநீரில் கலக்கி, அதில் ஒரு மில்லியை எடுத்து அடுத்த 9 மில்லியில் கலக்கி, பத்துப் பத்தாக நீர்க்கச் செய்துகொண்டே போகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் 0.1 மில்லியை அகார் தட்டில் பரப்புகிறார்கள். ஒரு பாதித் தட்டுகளில் வெறும் அகார், மறு பாதியில் உலோக உப்பு கலந்த அகார். உப்புக் கரைசலைத் தனியே கிருமி நீக்கி, ஆட்டோகிளேவிலிருந்து வந்த அகார் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு கலப்பது முறை. உலோகத் தட்டில் முளைத்த திட்டுகளில் விதவிதமானவற்றைப் பொறுக்கித் தூய வளர்ப்பாக்கி, அடுத்து ஒவ்வொன்றையும் 50, 100, 200, 400 என்று ஏறுகிற செறிவுகளில் தீட்டிப் பார்க்கிறார்கள். எந்தச் செறிவில் வளர்ச்சி முதன்முதலாக நின்றுபோகிறதோ அதற்குக் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு என்று பெயர். ஆய்வகத்தில் எல்லோரும் எம்.ஐ.சி. என்றே சொல்வார்கள்.

செலவு குறைவு, கருவி அதிகம் வேண்டாம், மூன்று மாதத்தில் முடியும். கல்லூரி ஆய்வகத்துக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை கிடைப்பது அரிது. அதனாலேயே இது இவ்வளவு பெருகியது. அதனாலேயே இதன் ஓட்டைகளை யாரும் அதிகம் கவனிப்பதும் இல்லை.

முதல் ஓட்டை, எண்ணில். ‘1000 பிபிஎம் குரோமியம்’ என்று எழுதுகிறார்கள். எது ஆயிரம்? லிட்டருக்கு 1000 மில்லிகிராம் பொட்டாசியம் டைகுரோமேட்டை எடை போட்டுக் கரைத்திருந்தால் அதில் குரோமியம் 354 மில்லிகிராம்தான். மீதி பொட்டாசியமும் ஆக்சிஜனும். மயில்துத்தம் எனப்படும் செம்பு சல்பேட்டு என்றால் நிலைமை இன்னும் மோசம். ஐந்து மூலக்கூறு தண்ணீரைச் சுமக்கும் அந்தப் படிகத்தில் செம்பு கால் பங்குதான். ஈய நைட்ரேட்டில் ஈயம் 63 சதவீதம், மெர்க்குரிக் குளோரைடில் பாதரசம் 74 சதவீதம். ஒருவர் உப்பின் எடையையும் இன்னொருவர் உலோக அயனியின் எடையையும் எழுதினால் இரண்டு ஆய்வேடுகளை அருகருகே வைக்கவே முடியாது. அதைவிட, பாக்டீரியா எடையை உணர்வதில்லை, அயனிகளின் எண்ணிக்கையைத்தான் உணர்கிறது. ஒரு கிராம் ஈயத்தில் உள்ள அணுக்களைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஒரு கிராம் நிக்கலில் உண்டு. அந்த எண்ணிக்கையைக் காட்டும் மில்லிமோலாரில் எழுதாமல் ‘ஈயத்தை அதிகம் தாங்கியது, நிக்கலைக் குறைவாகத் தாங்கியது’ என்று வரிசைப்படுத்துவதற்குப் பொருளில்லை.

இரண்டாவது ஓட்டை தட்டில் ஊற்றிய சோற்றில் இருக்கிறது. நியூட்ரியன்ட் அகாரில் பெப்டோனும் மாட்டிறைச்சிச் சாறும் உண்டு. அவற்றின் புரதத் துண்டுகளும் அமினோ அமிலங்களும் உலோக அயனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாட்டிலில் கலந்தது ஆயிரம் என்றாலும் பாக்டீரியாவைத் தொடுவது அதில் மிகச் சிறு பங்காக இருக்கலாம். இது இன்று நேற்றுத் தெரிந்த செய்தியல்ல. 1975இலேயே கனடாவில் ராமமூர்த்தி, குஷ்னர் என்ற இருவர் அயனி மின்முனைகளை வைத்து அளந்து, வழக்கமான வளர்ப்பூடகங்கள் பாதரசத்தையும் பிற கனஉலோகங்களையும் எந்த அளவுக்குக் கட்டிப்போடுகின்றன என்று காட்டிவிட்டார்கள். அரை நூற்றாண்டு ஆயிற்று. இன்னும் நியூட்ரியன்ட் அகாரில் செய்து முடித்துவிட்டு ஊடகத்தின் பெயரைக்கூடச் சுருக்கத்தில் குறிக்காத கட்டுரைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

சத்துக் குறைந்த உப்பூடகத்துக்கு மாறினால் சரியாகிவிடுமா? அங்கே வேறு சிக்கல். பிஎச் நிலையாக இருக்கப் பாஸ்பேட்டைச் சேர்ப்பார்கள். ஈயமும் பாஸ்பேட்டும் சந்தித்தால் வெள்ளை வெள்ளையாய்த் திரிந்து அடியில் படியும். படிந்த ஈயம் யாரையும் கொல்லாது. இதற்காகத்தான் பெல்ஜியத்தில் மேக்ஸ் மெர்ஜே குழுவினர் 1985இல் பாஸ்பேட்டைக் குறைத்து டிரிஸ் என்ற தாங்கலைப் போட்ட ஊடகத்தைப் பரவலாக்கினார்கள். உலோக உப்புகள் பிஎச்சைக் கீழே இழுப்பதும் உண்டு. செம்பு சல்பேட்டை அதிகம் கலந்த தட்டில் பாக்டீரியா செத்தது செம்பாலா, புளிப்பாலா என்று பிஎச் அளந்தவருக்குத்தான் தெரியும்.

ஊடகத்தில் உள்ளதைச் சரியாகக் கணக்கில் எடுக்காவிட்டால் எவ்வளவு பெரிய இடத்திலும் சறுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2010 டிசம்பரில் நாசா ஆதரவு பெற்ற குழு ஒன்று, கலிபோர்னியாவின் மோனோ ஏரியிலிருந்து எடுத்த பாக்டீரியா தன் டிஎன்ஏவில் பாஸ்பரசுக்குப் பதில் ஆர்செனிக்கை வைத்துக்கொள்கிறது என்று ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது. உலகமே பரபரத்தது. அது ஆர்செனிக்கைத் தாங்குகிற பாக்டீரியா மட்டுமே, ஊடகத்தில் மாசாகக் கலந்திருந்த துளிப் பாஸ்பேட்டே அது வளரப் போதுமானது என்று 2012இல் மறுப்பாய்வுகள் சொல்லின. 2025 ஜூலையில் இதழே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. கட்டுரையாளர்கள் அதற்கு உடன்படவில்லை. தாங்குவதற்கும் பயன்படுத்துவதற்கும் உள்ள தூரத்தை மறந்ததன் விலை அது.

மூன்றாவது ஓட்டைதான் எனக்குப் பெரியதாகப் படுகிறது. எவ்வளவு தாங்கினால் ‘தாங்கும் பாக்டீரியா’? நோய்க்கிருமிகளில் மருந்து எதிர்ப்பைச் சோதிப்பவர்களுக்கு எல்லைக்கோடு உண்டு. இந்த மருந்து இந்த அளவுக்கு மேல் வேலை செய்யாவிட்டால் எதிர்ப்புள்ளது என்று சர்வதேசக் குழுக்கள் பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. உலோகத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஆளுக்கொரு கோடு. இந்த நிலையில் கைகொடுப்பது ஒப்பீடுதான். ஜெர்மனியைச் சேர்ந்த டீட்ரிஷ் நீஸ் 1999இல் எழுதிய ஆய்வுத் தொகுப்பில், சாதாரண ஈ.கோலை பாக்டீரியா டிரிஸ் ஊடகத்தில் எந்தெந்த உலோகத்துக்கு எங்கே நிற்கிறது என்று அட்டவணை தந்திருக்கிறார். பாதரசத்துக்கு 0.01 மில்லிமோலார். வெள்ளிக்கு 0.02. குரோமேட்டுக்கு 0.2. காட்மியத்துக்கு 0.5. கோபால்ட், நிக்கல், செம்பு, துத்தநாகம் நான்குக்கும் 1. ஈயத்துக்கு 5. மாங்கனீசுக்கு 20.

இதை மில்லிகிராமாக மாற்றிப் பாருங்கள். பாதரசம் லிட்டருக்கு 2 மில்லிகிராம், குரோமியம் 10, காட்மியம் 56, செம்பு 64. ஈயம் ஆயிரத்துக்குச் சற்று மேல்! எந்த மாசையும் பார்க்காத, எந்த விசேஷ மரபணுவும் தேவைப்படாத ஆய்வக ஈ.கோலையே ஆயிரத்தை நெருங்கும்வரை ஈயத்தைத் தாங்கும் என்றால், ‘எங்கள் மண் பாக்டீரியா 800 பிபிஎம் ஈயத்திலும் வளர்ந்தது’ என்ற தலைப்புச் செய்தியில் செய்தியே இல்லை. அதே ஆய்வேட்டில் ‘பாதரசம் 10 பிபிஎம் வரை மட்டுமே’ என்று அடக்கமாக ஒரு வரி இருந்தால் நான் அங்கேதான் நிமிர்ந்து உட்காருவேன். அது ஈ.கோலையைப் போல ஐந்து மடங்கு.

அசல் வீரர்கள் இல்லாமல் இல்லை. 1976இல் பெல்ஜியத்தின் லீஜ் நகரத்துக்கு அருகே துத்தநாக ஆலை ஒன்றின் தெளிவுத் தொட்டிச் சேற்றிலிருந்து பிரித்த பாக்டீரியாதான் இந்தத் துறையின் மூலவர். ஆல்கலிஜீன்ஸ், ரால்ஸ்டோனியா என்றெல்லாம் பெயர் மாறி இப்போது குப்ரியாவிடஸ் மெட்டலிடியுரன்ஸ் சிஎச்34 என்று அழைக்கப்படுகிறது. துத்தநாகத்தில் இதன் எல்லை 12 மில்லிமோலார், ஈ.கோலையைப் போலப் பன்னிரண்டு மடங்கு. இதன் உடலில் தனி டிஎன்ஏ வளையங்களாக உள்ள இரண்டு பெரிய பிளாஸ்மிட்களில் உலோகத்தைச் சமாளிக்கும் மரபணுக்கள் கொத்துக் கொத்தாக அடுக்கியிருக்கின்றன. அதில் ஒரு கொத்தின் பெயர் சிஇசட்சி. காட்மியம், துத்தநாகம், கோபால்ட் மூன்றையும் உள்ளே நுழைந்த வேகத்தில் வெளியே இறைத்துத் தள்ளும் பம்பு அது.

பம்பு ஒரு வழி. வேறு வழிகளும் உண்டு, அவற்றைப் புரிந்துகொண்டால்தான் தட்டின் எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்ல முடியும். குரோமேட் அயனி உருவத்தில் சல்பேட்டைப் போல இருப்பதால் சல்பேட்டுக்கான வழியாகவே செல்லுக்குள் போகிறது. ஆர்செனேட் பாஸ்பேட்டின் வழியில் போகிறது. சில பாக்டீரியாக்கள் அந்த வழியைச் சுருக்கிக்கொள்கின்றன. சில, சிஎச்ஆர்ஏ என்ற பம்பால் குரோமேட்டை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. சில அதற்கு எலக்ட்ரான் கொடுத்து மூவிணைதிறக் குரோமியமாக்குகின்றன. அது எளிதில் கரையாது, நச்சும் மிகக் குறைவு. இன்னும் சில, உலோகத்தைச் செல்லுக்கு வெளியே உள்ள கோழைப் படலத்திலேயே ஒட்டவைத்துவிடும், அல்லது பாஸ்பேட்டாகவோ சல்பைடாகவோ படியவைத்துவிடும்.

இந்த வழிகள் அனைத்தும் பாக்டீரியாவுக்குச் சமம், உயிர் பிழைத்தால் சரி. நமக்குச் சமமல்ல. குரோமேட்டை வெளியே தள்ளும் பாக்டீரியா தட்டில் அபாரமாக வளரும், ஆனால் தட்டில் இருந்த குரோமேட்டில் துளியும் குறைந்திருக்காது. வெளியே தள்ளுவதையும் மூவிணைதிறமாக்குவதையும் எம்.ஐ.சி. எண் ஒன்றாகவே காட்டும். எது எந்த வகை என்று அறிய இன்னொரு சோதனை வேண்டும். திரவ வளர்ப்பிலிருந்து அவ்வப்போது எடுத்த மாதிரிகளில் டைபினைல் கார்பசைடு சேர்த்து, ஊதா நிறம் மாதிரிக்கு மாதிரி மங்குகிறதா என்று 540 நானோமீட்டரில் அளப்பது பழைய, மலிவான முறை. செத்த செல்கள் போட்ட கட்டுப்பாட்டையும் வெறும் ஊடகத்தையும் கூடவே வைக்க வேண்டும், ஏனெனில் சத்தூடகமே கொஞ்சம் குரோமேட்டைக் குறைத்துவிடும். இந்த ஒரு படியைச் செய்யாத ஆய்வேட்டுக்கு மாசு நீக்கம் என்ற சொல்லை எழுத உரிமை கிடையாது என்பது என் கட்சி.

பாதரசத்தில் இந்த முரண் இன்னும் கூர்மை. மெர் என்ற மரபணுக் கொத்துள்ள பாக்டீரியா பாதரச அயனியைத் தனிமப் பாதரசமாக்குகிறது. அது ஆவியாகிப் பறந்துவிடும். ஜப்பானில் 1968இல் தோனோமுரா குழுவினர் மண்ணிலிருந்து எடுத்த சூடோமோனாஸ் கே62 இதில் முன்னோடி. பறக்கிறதா என்று பார்க்க நாகமுரா, நாகஹாரா இருவரும் 1988இல் ஓர் எளிய வழி சொன்னார்கள்: பாக்டீரியாவைப் பாதரசத்தோடு சிறு குழிகளில் வைத்து, மேலே எக்ஸ்ரே பிலிமை மூடி இருட்டில் வைத்தால், ஆவி பட்ட இடம் கறுத்துப்போகும். அழகான சோதனை. ஆனால் அந்தக் கறுப்பு சொல்வது என்ன? பாதரசம் தட்டிலிருந்து காற்றுக்குப் போய்விட்டது என்று. கொடைக்கானலில் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980களில் பெயர்த்துக்கொண்டு வந்த தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. அதன் வளாக மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற வழக்காடல் அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் நீண்டது. சோலைக்காட்டின் ஓரத்தில் உள்ள அந்த மண்ணில் மெர் பாக்டீரியாவை விட்டால் மண் சுத்தமாகலாம், பாதரசம் சோலையின் காற்றில் ஏறிவிடும். மூடிய கலனில், ஆவியைப் பிடிக்கும் வசதியோடு செய்தால் தவிர அதை நீக்கம் என்று சொல்ல முடியாது.

குரோமியத்துக்குத் தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையைவிடப் பெரிய பாடம் இல்லை. தோல் பதனிடும் ஆலைகளுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் 1990களின் நடுவில் மூடியபோது வளாகத்தில் விட்டுப்போனது ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் வடியும். 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. இந்த மண்ணிலிருந்தும் பாலாற்றுப் படுகைத் தோல் கழிவுகளிலிருந்தும் குரோமேட்டைக் குறைக்கும் பாக்டீரியாக்களைப் பிரித்துப் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. பேசில்லஸ், சூடோமோனாஸ் இனங்கள் அவற்றில் அதிகம் வரும். பாக்டீரியா குரோமேட்டைக் குறைக்கும் என்பதே 1977இல் சோவியத் ஆய்வாளர்கள் ரோமனென்கோ, கோரென்கோவ் சொன்னதிலிருந்து உறுதியான செய்தி.

பிறகு ஏன் அந்தக் கழிவு மலை அங்கேயே நின்றது? பணம், பொறுப்பு, வழக்கு எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், வேதியியல் சொல்லும் காரணங்களே போதும். குரோமைட் தாதுவைச் சுண்ணாம்போடு வறுத்தெடுத்த கழிவின் பிஎச் 11, 12 என்று இருக்கும். பிஎச் 7இல், 37 டிகிரியில், சோறு ஊட்டி வளர்த்த பாக்டீரியாவை அங்கே விட்டால் குரோமியம் கொல்லும் முன்பே காரம் கொன்றுவிடும். பிழைத்து வேலை செய்தாலும் உணவு யார் போடுவது? குரோமேட்டுக்குக் கொடுக்க எலக்ட்ரான் வேண்டும், அதற்கு வெல்லப்பாகு போன்ற ஏதாவதொன்றை மண்ணுக்குள் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. 1979இல் பார்ட்லெட், ஜேம்ஸ் இருவரும் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு, மூவிணைதிறக் குரோமியத்தை மறுபடியும் ஆறிணைதிறமாக மாற்றக்கூடும் என்று காட்டினார்கள். குறைத்ததோடு கதை முடிவதில்லை, திரும்பாமல் இருக்கிறதா என்று பல ஆண்டுகள் பார்க்க வேண்டும். தட்டில் இவை எதுவும் தெரியாது.

இவ்வளவும் சொன்னதால் தாங்குதிறன் சோதனை வீண் என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேள்வியை மாற்றினால் அதே சோதனைக்கு மதிப்பு ஏறும். இந்தப் பாக்டீரியா மண்ணைச் சுத்தம் செய்யுமா என்று கேட்பதற்குப் பதில், இந்த மண் உலோகத்தோடு எவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறது என்று கேட்கலாம். மாசுபட்ட இடத்தில் தாங்காத இனங்கள் அடங்கி, தாங்கும் இனங்கள் பெருகும். அதனால் மொத்தச் சமூகத்தின் தாங்குதிறன் கூடும். ஸ்வீடனில் ஹான்ஸ் பிளாங்க் 1988இல் இதை முறையான கருத்தாக வகுத்தார். அதே நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் எர்லாண்ட் போத் இதை மண்ணுக்குக் கொண்டுவந்தார். தட்டில் முளைப்பதற்குக் காத்திராமல், மண்ணிலிருந்து பிரித்த பாக்டீரியாக் கூட்டத்துக்குக் கதிரியக்கம் ஏற்றிய தைமிடினையோ லூசினையோ கொடுத்து, உலோகத்தின் முன்னிலையில் அது எவ்வளவு உள்வாங்கப்படுகிறது என்று சில மணி நேரத்தில் அளப்பது அவர் வழி. மண் பாக்டீரியாவில் நூற்றுக்கு ஒன்று தட்டில் முளைத்தாலே பெரிது என்பதால் இந்த மாற்றம் முக்கியம். கதிரியக்க வசதி இல்லாத கல்லூரியும் எளிய வடிவத்தில் இதைச் செய்யலாம்: உலோகத் தட்டில் முளைத்த திட்டுகளை வெறுந்தட்டில் முளைத்தவற்றால் வகுத்து, மாசு மண்ணுக்கும் சுத்த மண்ணுக்கும் அந்த விகிதத்தை ஒப்பிடுவது.

ஓர் எச்சரிக்கை மட்டும். தாங்கும் பாக்டீரியா நிறைய இருக்கிறது என்றால் மண் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. இங்கிலாந்தின் வோபர்னில் 1942 முதல் 1961 வரை நகரக் கழிவுநீர்ச் சேற்றை உரமாகப் போட்ட வயல்கள் உண்டு. சேற்றோடு வந்த துத்தநாகம், காட்மியம், செம்பு மண்ணில் தங்கிவிட்டன. சேறு போடுவதை நிறுத்திப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மெக்ராத், கில்லர் முதலானோர் அங்கே வெள்ளைக் குளோவர் செடி நட்டுப் பார்த்தபோது வேர் முடிச்சு இருந்தது, நைட்ரஜன் பிடிக்கவில்லை. முடிச்சுக்குள் இருந்த ரைசோபியம் உலோகத்தைத் தாங்கிப் பிழைத்த இனம், வேலை செய்யாத இனம். வேலை செய்யும் இனங்கள் மறைந்துவிட்டன. தட்டில் வைத்துப் பார்த்திருந்தால் அந்த ரைசோபியம் சிறப்பாகத் தேறியிருக்கும். செடியைக் கேட்டதால்தான் உண்மை தெரிந்தது.

மேனாம்பேடு போன்ற இடத்துக்கு இன்னொரு கேள்வியும் பொருந்தும், அது மருந்து சார்ந்தது. நோவிக், ராத் இருவரும் 1968இல் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் பெனிசிலின் எதிர்ப்புப் பிளாஸ்மிட்களிலேயே உலோக எதிர்ப்பும் குடியிருப்பதைக் கண்டார்கள். டிஎன்21 என்ற தாவும் மரபணுத் துண்டு பாதரச எதிர்ப்பையும் பல மருந்துகளுக்கான எதிர்ப்பையும் ஒரே மூட்டையாகச் சுமக்கிறது. ஆக, மருந்தே இல்லாத இடத்திலும் உலோகம் மருந்து எதிர்ப்பைக் காத்து வளர்க்கக்கூடும். வீட்டுச் சாக்கடையும் பட்டறைத் தண்ணீரும் ஒரே வடிகாலில் கலக்கிற புறநகரத்தில் இரண்டு வகைப் பாக்டீரியாவும் சந்திக்கும் வாய்ப்பு அதிகம். உலோகத் தட்டில் தேறிய இனங்களுக்கு மருந்து வில்லைகளையும் வைத்துப் பார்த்தால் கூடுதல் செலவு சில நூறு ரூபாய்தான். என்னைக் கேட்டால் ‘மாசு நீக்கும் பாக்டீரியா’ தேடுவதைவிட இந்த வட்டாரத்துக்கு அவசரமான ஆய்வு இதுதான்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லிவரை கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் இந்தத் தலைப்பை எடுக்கும் மாணவர்களும் வழிகாட்டிகளும் ஒரு சிறு ஒப்பந்தத்துக்கு வந்தால் போதும். மேனாம்பேட்டில் வடிகாலோர மண், அதே வகை மண் உள்ள, பட்டறை அண்டாத இன்னோர் இடத்து மண் என்று இணையாக எடுப்பது. பாக்டீரியாவைத் தொடும் முன் மண்ணின் மொத்த உலோகத்தையும், செடிக்கும் நுண்ணுயிருக்கும் எட்டக்கூடிய பங்கையும், பிஎச்சையும் அளப்பது. மொத்த உலோகத்துக்கு மண்ணை அமிலத்தில் செரித்து அணு உறிஞ்சல் கருவியில் பார்ப்பார்கள். எட்டக்கூடிய பங்குக்கு லிண்ட்சே, நார்வெல் 1978இல் வகுத்த டிடிபிஏ முறை வேளாண் மண் ஆய்வகங்களுக்கெல்லாம் பழக்கம். எம்.ஐ.சி.யை அயனியின் மில்லிமோலாரில் எழுதுவது, ஊடகத்தின் பெயரையும் பிஎச்சையும் கூடவே எழுதுவது, ஒவ்வொரு தொகுதியிலும் ஓர் ஆய்வக ஈ.கோலையை ஓட்டி அது எங்கே நின்றது என்று குறிப்பது. இப்படிப் பத்து ஆண்டு ஆய்வேடுகள் சேர்ந்தால் அம்பத்தூர் மண்ணுக்கு ஒரு வரைபடமே கிடைக்கும். மாசடைந்த இடங்களை அடையாளம் கண்டு கையாள்வதற்கான விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில்தான் அறிவித்தது. எந்த இடத்தைச் சந்தேகிப்பது என்று சொல்ல உள்ளூர்த் தரவு வேண்டியிருக்கிற காலம் இது.

கடைசியாக, சோதனை முடித்த தட்டுகளைப் பற்றி. பாதரசத் தட்டை ஆட்டோகிளேவில் வைத்தால் பாதரசம் ஆவியாகி அறைக்குள் வரும், வைக்காதீர்கள். மீந்த டைகுரோமேட் கரைசலையும் காட்மியம், ஈயக் கரைசல்களையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். உலோகவாரியாகத் தனித்தனி கேன்களில் சேர்த்து, பெயரும் அளவும் எழுதி ஒட்டி, அபாயக் கழிவாகக் கும்மிடிப்பூண்டிக் கிடங்குக்கு அனுப்பும் பொறுப்பைக் கல்லூரி நிர்வாகம் ஏற்க வேண்டும். ஆய்வேட்டில் கையெழுத்திடும் வழிகாட்டி, கேன்கள் போய்ச் சேர்ந்த ரசீதையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடட்டும்.